கண் எரியும் அந்தக் கால்மணி நேரம்

2014 பிப்ரவரி 13ஆம் நாள், புதுடில்லி மக்களவையில் தெலுங்கானா மசோதாவை எதிர்த்து ஓர் உறுப்பினர் 'பெப்பர் ஸ்பிரே'யை அடித்தார். இருமலும் கண்ணீருமாக உறுப்பினர்கள் வெளியே ஓடினர். சிலரை மருத்துவமனைக்குக் கொண்டு போக நேர்ந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தையே ஒரு சிறு குப்பி காலி செய்துவிட்டது.

அதே குப்பி அம்பாங் பெச்சாவில் ஒரு சின்ன வீட்டில், அக்காவின் கைப்பையைக் குடையும் குழந்தையின் கையில் அழுந்திவிட்டால்? கோலகுபு பாருவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் முதல் கால்மணி நேரம் வீட்டார் கையில்தான்.

இதில் இருப்பது மிளகாயின் காரச்சத்து. அது எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்; தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் கண்ணைக் கசக்கினால் எரிச்சல் இன்னும் பரவுகிறது.

முதலில் எல்லாரும் காற்றோட்டமான இடத்துக்கு வர வேண்டும். கண்ணைக் கசக்காமல் அடிக்கடி சிமிட்டச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், கையைச் சோப்பால் கழுவிய பிறகு எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த குழாய் நீரால் பத்து, பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். முகத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவலாம். சோப்பு கண்ணுக்குள் போகக் கூடாது. சுடுநீர் வேண்டாம். சட்டையைத் தலைவழியாக இழுக்காமல் வெட்டி எடுப்பது நல்லது.

பாட்டி தாய்ப்பால் விடச் சொல்வார். பக்கத்து வீட்டார் பசும்பால் என்பார். அன்பு புரிகிறது. ஆனால் கண்ணுக்குச் சுத்தமான நீர் போதும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தோல் எரிச்சலுக்குப் பாலும் குழந்தை ஷாம்புவும் தண்ணீரைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. நேரம் ஆக ஆகத்தான் வலி குறைந்தது.

மூச்சுத் திணறல், ஆஸ்துமா, கழுவிய பின்னும் தீராத கண்வலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் தம் இன்ஹேலரை உடனே பயன்படுத்தலாம்.

பிறகு வீட்டைத் துப்புரவு செய்யலாம். கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் துகள் மறுபடி கிளம்பும். கையுறை போட்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். துணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

தற்காப்புக்கு வாங்கிய குப்பி பிள்ளைகள் கைக்கு எட்டலாமா? அதை வைத்திருக்கச் சட்டம் இடம் தருமா என்பதையும் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.