இரண்டாவது ஸ்கேன் வரை உடனிருப்போம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கு வாசிப்பது வழக்கம். அந்தக் கணக்கை அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறோம். இன்று அதில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நம் தவறு.

நம்மிடம் உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் திடீரென்று வலிப்பு. ஸ்கேன் எடுத்ததில் மூளையில் சிறு கொப்புளம் தெரிந்தது. நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்றார் மருத்துவர். மக்கள் 'மூளையில் பூச்சி' என்று சொல்வது இதைத்தான். ஸ்கேனுக்கும் முதல் மாத மருந்துக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டோம்.

ஆறாம் மாதம் எடுக்கச் சொன்ன ஸ்கேனை அவர்கள் எடுக்கவில்லை. வலிப்புதான் வரவில்லையே என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். சில நாட்களில் மாடிப்படியில் வலிப்பு வந்து பிள்ளை விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கருணை.

"ஏன் மறுபடி வரவில்லை?" என்று தாயாரிடம் கேட்டோம். "அண்ணே, இது பன்றிக்கறி தின்றால் வருகிற நோய் என்கிறார்கள். நாங்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எந்த முகத்தோடு ஜமாஅத் முன்னால் வந்து நிற்பது?" என்றார்கள்.

முதலில் இந்தப் பழியைத் துடைப்போம். பன்றியின் இறைச்சியில் இந்தப் புழுவின் குஞ்சுப் பருவம் இருக்கும். அதைச் சரியாக வேகவைக்காமல் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். மூளை நோய் வருவதோ அந்த நாடாப்புழுவின் முட்டையால். புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறி, கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கே பொரிந்து, இரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தங்கும். நியூயார்க்கில் பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு இதே நோய் வந்த செய்தி 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. விசாரித்ததில், அந்த வீடுகளில் வேலை செய்தவர்களில் ஒருவரிடம் நாடாப்புழு இருந்தது. அதனால் வேலை செய்பவர்களைச் சந்தேகிக்க வேண்டாம். வயிற்றில் புழு இருப்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். எனவே நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து, சிகிச்சை. பூச்சி மருந்துதானே, கடையில் வாங்கிப் போட்டால் போகாதா என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல்தான் இதற்கும் மருந்து என்பது உண்மை. ஆனால் இங்கே அது எடைக்கேற்ற அளவில், பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள் தரப்படுகிறது. மூளைக்குள் பூச்சி சாகும்போது அதைச் சுற்றி வீக்கம் வரும். அதனால் மருந்து தொடங்கிய நாட்களில் தலைவலியும் வலிப்பும் கூடலாம். வீக்கத்தை அடக்கவே உடன் ஸ்டீராய்டு தருகிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமாக நிறுத்தினால் ஆபத்து. உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணுக்குள் பூச்சி இருந்தால் இந்த மருந்தே பார்வையைக் கெடுக்கலாம். ஆகவே முன்னதாகக் கண் பரிசோதனை செய்வார்கள். சுண்ணாம்பு படிந்து இறந்துபோன பூச்சிக்குப் பூச்சி மருந்தே தேவையில்லை. யாருக்கு எது என்பது ஸ்கேனைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ஸ்கேன் எதற்கு? கொப்புளம் கரைந்ததா, அப்படியே இருக்கிறதா, சுண்ணாம்பாகி நின்றதா என்று பார்க்க. கரைந்திருந்தால் வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவர் யோசிப்பார். சுண்ணாம்பாகி நின்றால் மறுபடி வலிப்பு வர வாய்ப்பு அதிகம். மாத்திரை நீளலாம். இன்னொரு காரணமும் உண்டு. மூளையில் வரும் காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் இதைப் போலவே தெரியும். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சிறு கட்டிகளைக் காசநோய் என்றே எண்ணி நம் நாட்டில் பலருக்கு மருந்து கொடுத்தார்கள். அவற்றில் பல இந்தப் பூச்சியால் வந்தவை என்று 1980களின் இறுதியில் எடுத்துக்காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். கட்டி சுருங்காமல் வளர்ந்தால், நோய் வேறோ என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். அதற்கும் அந்த ஸ்கேன்தான் சாட்சி.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் தொடங்கியது, எந்த வேளை மாத்திரை தவறியது என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை வண்டி ஓட்டுவதும் கிணற்றில் நீந்துவதும் கூடாது.

ரமலானில் பகல் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு வேளையை அமைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு நிக்காஹ் பேசும்போதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு மருந்துகளில் சில கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. அவற்றை அவர் முன்கூட்டியே மாற்றித் தருவார்.

இனி அறக்கட்டளையின் முடிவுகள். ஒன்று, இந்த நோய்க்கு உதவி தரும் அன்றே மறு ஸ்கேனுக்கான தொகையையும் ஒதுக்கி வைப்போம். யாரும் மறுபடி வந்து கேட்க வேண்டியதில்லை. இரண்டு, மாதம் ஒருமுறை நம் தொண்டர் போன் செய்து மாத்திரை இருக்கிறதா என்று விசாரிப்பார். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள். மூன்று, நோயின் பெயர் அறிவிப்புப் பலகையிலும் இதழிலும் வராது. நான்கு, மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை கோப்பை மூட மாட்டோம்.

அந்தப் பிள்ளை இப்போது மறுபடியும் மாத்திரை எடுக்கிறான். அடுத்த ஸ்கேனுக்கு நாமே உடன் போகிறோம். கொடுத்த கைக்கு விசாரிக்கிற கடமையும் உண்டு என்பதை அவன் தாயாரிடம்தான் நாம் கற்றுக்கொண்டோம்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.