குறைமாதக் குழந்தையின் மூச்சும் கேளா ஒலியும்



சந்தையில் மண்பானை வாங்குபவர் அதை விரற்கணுவால் தட்டிப் பார்த்தே வாங்குவார். வெறும் பானை ஒருவிதமாக ஒலிக்கும். நீர் நிறைந்த பானை மந்தமாக ஒலிக்கும். மருத்துவரும் நோயாளியின் மார்பை இவ்வாறே தட்டி, உள்ளே இருப்பது காற்றா நீரா என்று உய்த்துணர்வதுண்டு. ஆனால், ஒரு கிலோகிராம் எடைகூட இல்லாமல் பிறந்து மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையின் மார்பில் எங்கே தட்டுவது?

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. பாட்ரிக் என்று பெயரிட்டனர். ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அக்குழந்தை 39 மணி நேரமே வாழ்ந்தது. பாஸ்டன் நகரின் தேர்ந்த மருத்துவர்கள் அருகிருந்தும் பயனில்லை. செல்வமும் அதிகாரமும் இருந்தன. மருந்துதான் உலகில் எங்கும் இல்லை.

நோயின் காரணமோ நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள், எளிதில் பிரியமாட்டா. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் உட்புறமும் ஈரமானதே. அந்த நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கிறது. அவ்விசையைத் தணிக்க, சோப்பின் தன்மையுடைய ஒரு கொழுப்புப் பொருளை நுரையீரலே சுரக்கிறது. அதற்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேதான் அது போதிய அளவு சேரும். அது குறைந்தமையே இக்குழந்தைகள் மடியக் காரணம் என்பதை ஏவரி, மீட் என்னும் இருவர் 1959-இல் காட்டினர். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, பசுவின் நுரையீரலிலிருந்து ஆக்கிய மருந்தைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி நற்பயன் கண்டார்.

மருந்து வந்தபின் வேறொரு கேள்வி எழுந்தது. யாருக்கு, எப்போது கொடுப்பது? மூச்சிரைக்கும் குழந்தைகள் யாவும் இந்நோய் உடையன அல்ல. சிலவற்றின் நுரையீரலில் கருக்காலத்து நீர் வற்றத் தாமதமாகும். அவை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தாமே தேறிவிடும். அவற்றுக்குக் குழாய் செருகுவது வீண் துன்பம். மருந்து வேண்டிய குழந்தைக்கோ முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை மிகுதி. எக்ஸ்ரே படம் உதவும். ஆயினும் பச்சிளம் உடலை அடிக்கடி கதிர்வீச்சுக்கு உட்படுத்த மனம் ஒப்பாது.

வயிற்றிலுள்ள கருவைக் காட்டும் கேளா ஒலி நுரையீரலுக்கு உதவாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். காற்றைத் தொட்டதும் அவ்வொலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். திரையில் தெரிபவை உறுப்பின் உருவமல்ல, எதிரொலி வரைந்த பொய்க்கோடுகள். பிரெஞ்சு மருத்துவர் லிக்டன்ஸ்டைன் 1990-களில் அப்பொய்க்கோடுகளையே படிக்கலானார். தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்தே பழகிய எனக்கு இது வியப்பூட்டியது. காற்று நிறைந்த நுரையீரலில், அதன் உறையின் கோடு படிக்கட்டுகளைப் போலச் சம இடைவெளியில் கீழே கீழே எதிரொலிக்கும். காற்றுக் குறைந்து நீர் மிகுந்தால் அப்படிகள் மறைந்து, செங்குத்தான ஒளிக்கற்றைகள் விழும். நோய் மிகும்போது அவை ஒன்றோடொன்று கலந்து, திரையே வெளுத்துவிடும்.

2015-இல் பாரிஸ் மருத்துவர்கள் இதற்கு மதிப்பெண் வகுத்து வெளியிட்டனர். பக்கத்துக்கு மூன்றாக மார்பில் ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. மதிப்பெண் கூடக்கூட, மருந்து தேவைப்படுவதும் கூடும். எங்கள் பரீட்சைக்கு நேர்மாறு!

குழந்தையை வெப்பப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுவதில்லை. வெதுவெதுப்பாக்கிய களிம்பைத் தடவிச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால், உறையைத் தொடாமல் ஆழத்தில் கிடக்கும் பழுதை இக்கருவி காணாது. பார்ப்பவரின் பயிற்சியும் வேண்டும். குழந்தை மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவி ஒருவர் இப்படங்களை எனக்குக் காட்டினார். கற்பது கடினமா என்று கேட்டேன்.

"கருவியைப் பிடிக்கச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன், ஐயா. திரையைப் பார்த்து, இக்குழந்தைக்கு மருந்து வேண்டாம், காத்திருப்போம் என்று தாயிடம் சொல்லத்தான் நாளாயிற்று" என்றார்.