இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?



"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்னும் சொற்களை நம்மிற் பலர் கேட்டிருப்போம். பல ஆண்டுகளுக்கு முன், என் தாயார் புற்றுநோயால் வருந்தியபோது நானும் கேட்டேன், நம்பினேன். நோயை மாற்ற இயலாதென்பது உண்மை. ஆனால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. இதனை நான் காலங்கடந்தே அறிந்தேன்.

அன்று நாங்கள் செய்தது யாது? நோயின் பெயரை மறைத்து, வயிற்றுப்புண் என்றோம். அவர் வலியால் முனகும்வரை காத்திருந்தே மருந்து கொடுத்தோம். பழகிவிடும் என்றஞ்சி அதனையும் குறைத்தோம். வந்த சுற்றத்தார் அவர் காதுபடவே நாட்களை எண்ணினர். படலையைப் பார்த்தபடி கிடக்க விரும்பித் தம் கட்டிலை விறாந்தையில் இடுமாறு அவர் ஒருநாட் கேட்டார். குளிர்காற்றுப் படும் என்று மறுத்தோம். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், தாம் கிடக்கும் இடத்தையும் தாமே தீர்மானிக்க முடியாதவரானார். அன்பின் பெயரால் நாங்கள் அவரது மதிப்பைப் பறித்தோம்.

பின்னாளில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது, எங்கள் தவறு எனக்குத் தெளிவாயிற்று. அவர் இலண்டன் மாநகரில் முதலில் தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூகசேவையாளராகவும் பணியாற்றியவர். போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் அங்கே புற்றுநோயுற்றுத் தனியராய்க் கிடந்தார். அம்மையார் அவரருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டார். இறப்போர்க்கென ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வுரையாடல்களிலே முளைத்தது. 1948ஆம் ஆண்டு இறந்த டாஸ்மா, அவ்வில்லத்தில் தாம் ஒரு யன்னலாக விளங்கவேண்டுமென்று 500 பவுணை விட்டுச்சென்றார். அம்மையார் நாற்பதை அண்மிய வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1967ஆம் ஆண்டு சென். கிறிஸ்தோப்பர் இல்லம் திறக்கப்பட்டது. ஒரு யன்னலைச் சுற்றி இல்லம் எழ 19 ஆண்டுகள் சென்றன.

அவர் வலியுறுத்திய முறை எளியது. வலி வந்தபின் மருந்தைத் தேடாதே. முன்கொடுத்த மருந்தின் வலு அடங்குமுன் அடுத்ததைக் கொடு என்பதே அது. வலி வருமோ என்ற அச்சமும் அப்போது அகலும். உடல்நோவோடு மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகியவையும் சேர்ந்ததே முழு வலி என்றும் அவர் விளக்கினார். புற்றுநோய் வலிக்கு இயன்றவரை வாய்வழியாக, நேரந் தவறாது, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக மருந்து கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் 1986ஆம் ஆண்டு வழிகாட்டியது. வைத்தியரின் கண்காணிப்பில் வலிக்காக மோர்பீன் உட்கொள்வோர் போதைக்கு அடிமையாவது அரிது. நாங்கள் அஞ்சிய அச்சம் அறியாமையின் பிள்ளை.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பதில்லை. 1993ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, நாளடைவில் ஊரவர் கைக்கு வந்தது. பயிற்சி பெற்ற அயலவர் வீடு தேடிச் சென்று புண்ணைத் துடைப்பதிலும், உடனிருந்து பேசுவதிலும் துணைசெய்கின்றனர்.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் இத்தகைய நோயாளர் இருந்தால், வலி தணிக்கும் வழியை வைத்தியரிடம் தயங்காது கேளுங்கள். உடல் துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள். உலர்ந்த உதட்டை நனையுங்கள். அவரை வைத்துக்கொண்டு அவரைப்பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள். நோயைப்பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மெதுவாகக் கேளுங்கள். அறிய விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள்; விரும்புபவரிடம் பொய்யுரைக்காதீர்கள். தீர்க்கவேண்டிய கடன், காணவேண்டிய முகம், சொல்லவேண்டிய சொல் அவருக்கும் இருக்கும். வலி அடங்கியவருக்கே அவற்றை நினைக்க இயலும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, கட்டிலை எங்கே போடலாம் என்று அவரைக் கேளுங்கள். என் தாயாரை நான் கேட்கவில்லை. அவர் கேட்டபோதும் கொடுக்கவில்லை. அந்த விறாந்தை இன்றும் இருக்கின்றது. அங்கிருந்து பார்த்தாற் படலை நன்றாகத் தெரியும்.