வாக்காளர் ஜாபிதாவும் நம்மவர் பெயர்களும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி நிதியைப் பற்றியோ கலியாணச் செலவைச் சுருக்குதல் பற்றியோ இன்று யாம் பேசுவோமென்று எண்ணி வந்தோர் பலர் இருத்தல் கூடும். அவ்விரண்டும் பன்முறை பேசப்பெற்றவை. பன்முறை மறக்கப்பெற்றவையும் ஆம். இன்று யாம் எடுத்துக்கொண்டது ஒரு சிறு காகிதத்தின் செய்தி. நம் முன்னோர் வாக்காளர் ஜாபிதா என்றதும், இக்காலத்தார் வாக்காளர் பட்டியல் என்பதுமாகியவற்றில் நம்மவர் பெயர்கள் பிழைபட்டுக் கிடப்பதையும், அவற்றைத் திருத்தப் புகுந்து யாம் செய்த ஒரு பெரும்பிழையையும் இச்சபையின்கண் வெளியிடக் கருதினோம்.

எமது சிறிய தாயார் எழுபது வயதை அணுகியவர். ஒரு தேர்தலிலும் வாக்களிக்கத் தவறாதவர். அவர் பெயர் வள்ளியம்மாள். ஜாபிதாவிலோ வல்லியம்மாள் என்று அச்சாகியிருந்தது. அதனைக் கண்டு அவர் வருந்தவே, யாம் படித்தவரென்னும் எண்ணத்தால் அன்றே ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து அவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்பினோம். அது 6-ஆம் எண் படிவம். புதிதாகப் பெயர் சேர்ப்போர்க்கு உரியது. திருத்தம் வேண்டுவோர்க்கு உரியதன்று. வேறெங்கும் தமது பெயர் பதிவாகவில்லையென்று உறுதி கூறும் வாசகம் அதில் உண்டு. யாம் அதனை வாசித்தோமில்லை. விளைந்தது என்னை? பழைய பதிவு இரட்டைப் பதிவென்று நீக்கப்பட்டது. புதிய விண்ணப்பமோ, முன்னரே அடையாள அட்டை பெற்றவரென்று தள்ளப்பட்டது. தேர்தலன்று அட்டையும் கையுமாகச் சாவடிக்குச் சென்ற அம்மையார்க்கு ஜாபிதாவில் பெயரில்லை. "படம் என்னுடையதுதானே, தம்பி?" என்று எம்மைக் கேட்டார். யாம் மறுமொழி கூற மாட்டாது நின்றோம். வீடு திரும்பியபின் அன்று முழுதும் திண்ணையிலிருந்து அவர் எழுந்தாரில்லை.

அட்டை வைத்திருத்தல் வேறு, ஜாபிதாவில் பெயரிருத்தல் வேறு. பெயரில்லாதார் வாக்களிக்க இயலாதென்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. இனி எம்மைச் சுடுவது யாதெனில், 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளுள் 35-ஆவது, வெறும் எழுத்துப்பிழை அச்சுப்பிழைகளைச் சாவடி அதிகாரி பொருட்படுத்தலாகாது என்றும், வந்திருப்பவர் அவரே என்று தெளிந்தால் போதுமென்றும் விதிக்கின்றது. யாம் ஒன்றுஞ் செய்யாதிருந்திருப்பின் சிறிய தாயார் வாக்களித்திருப்பார்!

ஆயினும் பிழையை அவ்வாறே விட்டுவிடலாமென்பது எம் கருத்தன்று. பிழை திருத்தற்குரியது 8-ஆம் எண் படிவம். 2022 ஆகஸ்டு 1 முதல் பெயர், வயது, உறவினர் பெயர் முதலியவற்றின் திருத்தம், குடிமாற்றம், சிதைந்த அட்டைக்கு மாற்று ஆகியவற்றுக்கெல்லாம் அஃதொன்றே. பெயர் நீக்கத்துக்கு 7-ஆம் எண் படிவம். இறந்த தந்தையின் பெயரை அடிக்க மனம் வராமல் ஆண்டுகள் பல விட்டுவைப்போர் நம்முள் இருக்கின்றனர். அவர் மனம் எமக்கு விளங்குகின்றது. எனினும் அப்பெயரில் பிறனொருவன் வாக்களிக்க இடங்கொடுத்தல் தந்தைக்குச் செய்யும் மரியாதையாகாது. பொய்யென்றறிந்தே உறுதிமொழியிற் கையொப்பமிடுவோர்க்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. ஆதலின் பிறர் பூர்த்தி செய்த படிவத்தில் வாசியாது கையொப்பமிடற்க.

பெண்மக்கள் பெயரைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபொழுது, வடநாட்டில் பல பெண்டிர் தம் பெயரைக் கூறாது, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதுவித்தனர். அந்நாளில் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த சுகுமார் சென் அவர்கள், தம் பெயர் இன்றியமையாததென்று உத்தரவிட்டார். ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளருள் சுமார் 28 லட்சம் பேர் அங்ஙனம் தம் பெயரைத் தாராமையின் ஜாபிதாவினின்றும் நீக்கப்பட்டனர். பீகார், ஐக்கிய மாகாணமாயிருந்த உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களிலேயே இது மிகுதி. அக்காலத்துச் சிலர் இவ்வுத்தரவைக் கடுமையென்றனர். பெயரில்லாப் பதிவுகளை அப்படியே விட்டிருப்பின் அவ்வழக்கம் இன்னும் நீண்டிருக்குமென்பதே எம் துணிபு.

நம் நாட்டில் வேறொரு வகை. இங்கே பெண்டிர் தம் பெயரைச் சொல்வர். கணவர் பெயரைச் சொல்லத்தான் கூசுவர். வீடு தேடி வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், "ஆறு முகமுடைய சாமி பேர்" என்று குறிப்பாற் கூற, அவர் ஆறுமுகம் என்பதற்குச் சண்முகம் என்றெழுதிக்கொள்வார். பிழை யாருடையது? உறவினர் பெயரைச் சொல்லக் கூசுவோர் காகிதத்தில் எழுதியேனும் கொடுக்க. அன்றியும் கணவர் பெயரே வேண்டுமென்னும் கட்டாயமில்லை. தந்தை, தாய் பெயரும் கொடுக்கலாம்.

ஆடவர் பெயரிலும் குழப்பம் குறைவன்று. நம்மவருள் சிலர் குலப்பட்டத்தைப் பெயரோடு சேர்த்தெழுதுகின்றனர், சிலர் விட்டுவிட்டனர். ஒருவரே கிரயப் பத்திரத்தில் பட்டத்தோடும், பள்ளிச் சான்றில் முதலெழுத்தோடும், அட்டையில் இரண்டுமின்றியும் காணப்படுகின்றார். எது நல்லதென்னும் வாதத்துக்கு இது இடமன்று. எல்லாத் தஸ்தாவேஜுகளிலும் ஒன்றாயிருக்குமாறு பார்த்துக்கொள்க என்பதே எம் வேண்டுகோள். ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதிக்கொடுத்தால் பழனி பளனியாதலும், கணேசன் கனேசனாதலும் உண்டு. தமிழிலும் தெளிவாக எழுதித் தருக. பழைய கதவிலக்கம், புதிய கதவிலக்கம் இரண்டையும் குறிக்க.

காலத்தைப் பற்றி ஒரு சொல். வேட்புமனு தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளுக்குப் பின், அத்தேர்தல் முடியுமளவும் சேர்த்தலோ திருத்தலோ நீக்கலோ செய்யச் சட்டம் இடந்தரவில்லை. நம்மவரோ சுவரில் விளம்பரம் ஒட்டியபின்னரே ஜாபிதாவைத் தேடுவர். விண்ணப்பம் தள்ளப்படின் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தோற்பின் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் அப்பீல் செய்துகொள்ளலாம். தள்ளிய ஆணையையும் விண்ணப்ப நகலையும் எறிந்துவிடாமல் வைத்திருப்போர்க்கே இவ்வழி பயன்படும்.

சிறிய தாயாரின் பெயர் பின்னர் முறைப்படி மீண்டும் ஏறியது. ளகரம் சரியாக இருக்கின்றது. கதவிலக்கம் மட்டும் பழையது. அதன்பொருட்டு 8-ஆம் எண் படிவத்தைச் சென்ற வாரம் பூர்த்தி செய்து கொடுத்தோம். அம்மையார் உடனே கையொப்பமிட்டாரில்லை. மூக்குக் கண்ணாடி வரட்டுமென்று சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.