மூன்று மில்லிமீட்டர்



முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கணக்கும் பௌதிகமும் கற்பித்தவன் நான். கரும்பலகையில் நான் செய்த பிழைகளை மாணாக்கர் எழுந்து நின்று திருத்தியதுண்டு. அவற்றால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. ஆனால் ஓய்வு பெற்றபின் வாய்க்கணக்காக நான் சொன்ன ஒரு விடை, என் பழைய மாணவர் ஒருவரை ஏர்க்காட்டு மலைப்பாதையில் பள்ளத்தின் விளிம்பு வரை கொண்டு சென்றது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

அந்த மாணவர் சேலத்தில் பணிபுரிகிறார். பழைய சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அதைத் தம் கையாலேயே செப்பனிடுவதில் அவருக்கு அளவற்ற இன்பம். ஒருநாள் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, காரின் பின்புற ஸ்டெபிலைசர் பாரை மாற்றப் போகிறேன். இப்போதுள்ளது 16 மில்லிமீட்டர் விட்டம்; வாங்கியிருப்பது 19. விறைப்பு எவ்வளவு கூடும்?" என்று கேட்டார். "மூன்று மில்லிமீட்டர்தானே, தம்பி! ஐந்தில் ஒரு பங்கு கூடும்" என்று, காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமலேயே சொல்லிவிட்டேன்.

அது என்ன கம்பி என்று நீங்கள் கேட்கலாம். காரின் அடியில் குறுக்காக ஓடி, இரு முனைகளிலும் கைபோல் மடங்கி, இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் எஃகுத் தண்டு அது. இரு சக்கரங்களும் ஒருங்கே மேட்டில் ஏறினால் அது தன் ரப்பர் புஷ்களுக்குள் வாளா சுழலும். வேலை ஒன்றும் செய்யாது. வண்டி வளைவில் திரும்பும்போதோ, உடல் வெளிப்புறம் சாய்கிறது. ஒரு முனை மேலும் மறுமுனை கீழும் போகத் தண்டு முறுக்கேறுகிறது. அம்முறுக்கை அது எதிர்ப்பதால் சாய்வு குறைகிறது. கானடா நாட்டுப் பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பார் 1919-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சாய்வு குறைவது நன்றுதானே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பி சும்மா தடுப்பதில்லை. உட்புறச் சக்கரத்தின் சுமையில் ஒரு பகுதியை எடுத்து வெளிப்புறச் சக்கரத்தின் மேல் ஏற்றுகிறது. டயரின் பிடிப்போ சுமைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆதலால் பின்கம்பியைத் தடிப்பாக்கினால் பின் சக்கரங்கள் இரண்டின் மொத்தப் பிடிப்புக் குறைகிறது; முன் சக்கரங்களின் பிடிப்பு மிகுகிறது. முன்புறம் பளுவான சிறு கார்கள் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கமாக விலகிப் போகும். அக்குறையைப் போக்கவே நம் நண்பர் விரும்பினார். விருப்பத்தில் தவறில்லை, அளவில்தான் தவறு.

பொருத்தும் வேலையை அவர் செவ்வனே செய்தார். அதை நான் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தேன். பின்புறம் முழுவதையும் உயர்த்தி, இருபுறமும் ஸ்டாண்டுகள் மீது நிறுத்தினார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பவன் தன் உயிரைப் பணயம் வைப்பவன். ஒருபுறம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டு எளிதில் வராது, வந்தால் கம்பி துள்ளி அடிக்கும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டிருந்தார். புதிய புஷ்களுக்குள் பசை தடவினார். சக்கரங்கள் தரையில் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்கினார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வறண்ட சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்பு போல் திரும்புகிறது, ஐயா!" என்று மகிழ்ந்தார்.

ஐப்பசி மழை வந்தது. தாயாரை அழைத்துக்கொண்டு ஏர்க்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் இருபது. அவற்றுள் ஒன்றில் எதிரே பேருந்து வரக் கண்டு, திருப்பத்தின் நடுவே சட்டென முடுக்கியிலிருந்து காலை எடுத்தார். பளு முன்னே சாய்ந்தது, பின்புறம் இலேசாயிற்று. ஏற்கெனவே பிடிப்புக் குறைந்திருந்த பின் சக்கரங்கள் வழுக்கி, வால் வெளியே சுழன்று, கைப்பிடிச் சுவரில் உராய்ந்து வண்டி நின்றது. சுவர் அங்கே இருந்தது அவர்களுடைய நல்வினை.

செய்தி கேட்டதும் மழையின் மேல் பழியைப் போட்டேன். இரவு உறக்கம் வரவில்லை. எழுந்து விளக்கேற்றித் தாளில் கணக்கிட்டேன். திண்மையான தண்டின் முறுக்கு விறைப்பு விட்டத்தைப் போல் வளர்வதன்று; விட்டத்தின் நான்காம் அடுக்கைப் போல் வளர்வது. எஃகின் அளவு விட்டத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. மையத்திலிருந்து விலகி நிற்கும் எஃகு முறுக்கை மிகுதியாக எதிர்ப்பதால் இன்னொரு வர்க்கம் அதனோடு பெருகுகிறது. 16-இன் நான்காம் அடுக்கு 65,536. 19-இன் நான்காம் அடுக்கு 1,30,321. ஏறக்குறைய இரு மடங்கு! நான் சொன்னதோ ஐந்தில் ஒரு பங்கு.

மறுநாள் முதல் பேருந்தில் சேலம் சென்று அத்தாளை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "புதுக் கம்பியின் முனையில் இரண்டு துளைகள் இருக்கின்றன, ஐயா. உள் துளையில் மாட்டியிருக்கிறேன்" என்றார். உள் துளை என்றால் நெம்புகோல் குட்டை. விறைப்பு இன்னும் அதிகம். பழைய கம்பியைத் தேடினோம். நல்ல வேளையாக அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பரண்மேல் வைத்திருந்தார். இம்முறை நான் நாற்காலியில் அமரவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மையாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "வாத்தியாரும் கூட ஏறினால்தான் நான் மலைக்கு வருவேன்" என்கிறார். மழைக்காலத்தில் இருமுறை சென்று வந்தோம். பின் இருக்கையில்தான் என்னை உட்கார வைத்தார்கள்.