மரக்கறி உணவும் திரைக்காட்சியும்

(காணையிற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இவ்வவையின்முன் இரண்டு தீர்மானங்கள் வர இருக்கின்றன. நம் ஆண்டுவிழா விருந்தினை முற்றும் மரக்கறி விருந்தாக்குதல் வேண்டும் என்பது ஒன்று. புலால் விலக்கிய குடும்பங்களின் பெயர்களை நம் இதழில் தனிப் பட்டியலாக அச்சிடுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும், உணவைப் பற்றிய ஆவணப்படங்களைக் கண்ட நம் இளைஞர் சிலரது ஊக்கத்தினாற் பிறந்தவை. அப்படங்களை யாமும் கண்டிருக்கின்றோம் ஆதலின், சில கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். தமிழ் கற்பித்தலே எம் தொழில். மருத்துவம் எம் துறையன்று. இதனை முன்னரே சொல்லிவிடுகின்றோம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளி மூடிக் கிடந்தது. எம் மூத்த மகள் தன் கைப்பேசியில் 'தி கேம் சேஞ்சர்ஸ்' என்னும் படத்தை எமக்குக் காட்டினாள். 2018இல் வெளிவந்தது அது. ஜேம்ஸ் வில்க்ஸ் என்னும் மற்போர் வீரர் காயமுற்றுக் கிடந்த காலத்தில், பண்டை உரோமாபுரியின் வாட்போர் வீரர் பெரும்பாலும் வாற்கோதுமையும் பயறும் உண்டனர் என்னும் எலும்பாராய்ச்சியைப் படித்து வியந்து, உலகெங்கும் சென்று தாவர உணவு கொள்ளும் வீரர்களைக் காண்கின்றார். புலால் உண்டாற்றான் உடலுரம் உண்டாகும் என்று நம் இளைஞர் கொண்டுள்ள எண்ணத்தை அப்படம் நன்றாக அசைத்துவிடுகின்றது. அடுத்து, 2011இல் வந்த 'போர்க்ஸ் ஓவர் நைவ்ஸ்' என்பதையும் கண்டோம். காலின் கேம்ப்பெல், எசல்ஸ்டின் என்னும் அறிஞர் இருவர், தீட்டாத தானியமும் பயறும் காய்கனியும் கொண்டே நெஞ்சுநோயையும் நீரிழிவையும் அடக்கலாகும் என்று அதில் வாதிடுகின்றனர்.

யாம் முன்பே புலால் உண்பதில்லை. இப்படங்களைக் கண்டபின் பாலையும் தயிரையும் மோரையும் ஒருங்கே விட்டோம். உடல் இலேசாயிற்று, பெருமையும் சற்றுக் கனத்தது. இரண்டாண்டு சென்றபின் கால்விரல்கள் மரத்தன, நாக்கு எரிந்தது. விழுப்புரத்தில் மருத்துவர் ஒருவர் குருதியைச் சோதித்து, பி-12 என்னும் உயிர்ச்சத்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று கூறி ஊசியிட்டார். அச்சத்தினை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. நமக்கு அது பாலும் முட்டையும் புலாலும் வழியாக வருவது. அவற்றை முற்றும் விட்டவர் மாத்திரையாகவேனும் கொள்ளவேண்டும். படத்தில் இதைப் பற்றிய பேச்சு இல்லாமலில்லை. வீரரின் தோள்வலியைக் கண்ட வியப்பில் யாம் அதனைக் காதில் வாங்கவில்லை. பிழை எம்முடையது.

அதன்பின் படங்களை வேறு கண்ணாற் காணத் தொடங்கினோம். ஒரே உரையாசிரியரைக் கொண்டு நூற்பொருளை முடிவு செய்வார் உண்டோ? முதலிற் கூறிய படத்தை ஆக்குவித்தோருள் ஒருவர் ஜேம்ஸ் கேமரூன். அது வெளிவந்த காலத்தில் அவர் கனடா நாட்டில் பட்டாணியினின்று புரதம் எடுக்கும் தொழிலில் முதலீடு செய்திருந்தார். இதனால் படம் முழுதும் பொய்யாகிவிடாது. ஆயினும் அறிந்து காண்பது நலம். இதனினும் எமக்கு மனநிறைவு தந்தது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சி. இரட்டையர் 22 இணையரை எடுத்துக்கொண்டு, எட்டு வாரம், ஒருவர்க்குத் தாவர உணவும் உடன்பிறந்தார்க்குப் புலால் கலந்த உணவும் அளித்தனர். இரண்டும் நல்லுணவே. தாவர உணவு கொண்டார்க்கு எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பு மிகுதியாகக் குறைந்தது. 2024இல் இது படத்தொடராகவும் வந்தது. எனினும் எட்டு வாரத்திற் கண்டதை எண்பதாண்டுக்கும் நீட்டிச் சொல்லுதல் கூடாது.

இவை அனைத்தும் கடல்கடந்த செய்தி என்று எண்ணற்க. நம் மாவட்டத்து வானூர்ப் பக்கம் ஆரோவில்லில் மருத்துவர் நந்திதா ஷா தொடங்கிய ஷரண் என்னும் அமைப்பு, தாவர உணவினால் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் முறையினைக் கற்பித்து வருகின்றது. இந்நெறியிற் செல்ல விரும்புவோர், உண்டுவரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டே குறைத்தல் வேண்டும்.

படங்களிற் காட்டும் பாதாம்பாலும் பெயர் தெரியாக் கீரையும் நமக்கு எதற்கு? நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது நம் சீமை. உழவர் வாயில் வழங்கும் டி.எம்.வி. என்னும் கடலை இரகப் பெயர், திண்டிவனம் என்பதன் சுருக்கமே. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கொடை அது. உளுந்தும் காராமணியும் மொச்சையும் கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் கைக்கெட்டியவை. ஆனால் நாம் செய்வது என்ன? தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை மலையாகக் குவித்து, ஒரு கரண்டிச் சாம்பாரை ஊற்றி, மரக்கறி உண்டோம் என்கின்றோம். மைதாவும் மரக்கறியே, சர்க்கரையும் மரக்கறியே!

இனி இரண்டாம் தீர்மானம். எம் மனத்தை வருத்துவது இதுவே.

சிறுபாணாற்றுப்படை நம் மண்ணின் நூல். அதன் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மானாட்டு மன்னன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. பாணன் செல்லும் வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் ஆமான் இறைச்சியும், ஆமூரில் நண்டுக் கறியும் விருந்தாகக் கிடைக்கும் என்கின்றார் புலவர் நத்தத்தனார். அந்நூலிலேயே வறுமைப்பட்ட இல்லம் ஒன்றும் வருகின்றது. அங்கே குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு இகழ்வரே என்று நாணித் தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்துடன் உண்கின்றனர். அன்று கீரை உண்டவர் கதவடைத்தனர். இன்று எம் வகுப்பில் ஒரு சிறுமி, வீட்டிலிருந்து மரக்காணத்துக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த நாளில், உணவுப் பெட்டியின் மூடியைப் பாதியே திறந்து கையால் மறைத்து உண்ணக் கண்டோம்.

சென்ற நூற்றாண்டில் இந்நாட்டுப் பல வகுப்பினர் தாம் உயர்ந்தவராக எண்ணப்படுதற்கு ஒரு வழியாகவே புலாலை விலக்கினர். பேராசிரியர் எம். என். சீனிவாஸ் 1952இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயரே இட்டார்; தமிழறிஞர் அதனை மேனிலையாக்கம் என்பர். பெயர்ப்பட்டியல் அச்சிடுவது அப்பழைய ஏணியை மீண்டும் சாத்துவதாகும். பட்டியலில் இல்லாத வீட்டுப் பெண்ணை அயலார் எப்படிப் பேசுவர் என்பதைத் தாய்மார் நன்கறிவர்.

திருவள்ளுவனார் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாக வைத்தது துறவறவியலில். இல்லறத்தார்க்கு அறிவுரை கூறும் பகுதியில் வைத்திலர். வடலூரில் 1867இல் தருமச்சாலை அமைத்த வள்ளலார் கொலையையும் புலாலையும் கடிந்ததுபோற் கடிந்தார் அரியர். புலால் உண்பாரைப் புறவினத்தார் என்றே பாடினார். அவரும் அவ்வினத்தார் பசியைத் தீர்க்க வேண்டும் என்றனரேயன்றிப் பந்தியினின்று எழுப்பச் சொன்னாரில்லை.

ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்று. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று பள்ளிநாள்தோறும் முட்டை அளிக்கின்றனர். உண்ணாதார்க்கு வாழைப்பழம் உண்டு. கூலிவேலைக்குச் செல்வார் வீட்டுக் குழந்தைக்கு அம்முட்டை பெருந்துணை. படம் பார்த்த வேகத்தில் அதனை நிறுத்தக் கோருவோம் என்று அன்பர் ஒருவர் எம்மிடம் சொன்னார். அவர் ஒரு நாள் நண்பகலில் எம் பள்ளிக்கு வந்து அவ்வரிசையைக் காணுமாறு அழைக்கின்றோம்.

ஆகவே முதல் தீர்மானத்தை யாம் முழுமனத்துடன் வழிமொழிகின்றோம். எவர்க்கும் பொதுவாக இலை போடக்கூடிய விருந்து அது. கம்மஞ்சோறும் காராமணிக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் கடலை உருண்டையும் அமையட்டும். இரண்டாவதனை அதனைக் கொணர்ந்தவர்களே திரும்பப் பெறுமாறு வேண்டுகின்றோம். கடலை ஒரு மூட்டை எம் வீட்டினின்று வரும். அதனை உடைத்து வறுக்கும் வேலையைத் தாய்மார் தலையிற் சுமத்தாமல், படம் பார்த்த இளைஞர்கள் முதல்நாள் மாலையே சங்கக் கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும்.