அப்பாவின் ஜனதா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய வாட்ச் சேர்க்கிறாயாமே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். வாட்ச் சேர்க்கிறவன் நேரத்தை மீறினால் நன்றாக இருக்காது. சுருக்கமாகவே முடிக்கிறேன்.

என்னிடம் இருப்பவை சுவிஸ் வாட்சுகள் அல்ல. எல்லாம் சாவி கொடுக்கிற எச்.எம்.டி. தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. ஜனதா, பைலட், சோனா என்று பெயர் சொன்னதுமே முன்வரிசையில் பலர் சிரிக்கிறீர்கள். பரீட்சை தேறினாலும் எச்.எம்.டி., மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. என்றிருந்த காலம் அது! பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்து இடத்தைப் பிடித்தது. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. சாவியைத் திருகினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். அது ஒரேயடியாக விரிந்துவிடாமல் பாலன்ஸ் சக்கரம் அளந்து அளந்து விடும். டயலில் '17 ஜூவல்' என்று போட்டிருப்பது, அச்சுமுனைகள் தேயாமலிருக்க வைத்த செயற்கை மாணிக்கக் கற்களின் எண்ணிக்கை.

இனி என் தவறைச் சொல்கிறேன். அப்பா கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய ஜனதாவைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட மணி அடிப்பார்கள். வியர்வை இறங்கி, நாலாம் எண் பக்கம் டயலில் பழுப்பாக ஒரு கறை. அவர் காலமான பிறகு, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று ஒரு கடையில் கொடுத்தேன். டயலைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எழுத்தைப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுடா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் சேர்க்கத் தொடங்கினேன். மறுபூச்சு டயல் எனக்கு வேண்டாம். வாங்க நினைப்பவர்கள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் தடித்திருந்தாலோ, நிமிஷக் கோடுகள் கோணியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். வாட்சின் வயதுக்குப் பொருந்தாத பளபளப்பும் நல்ல அறிகுறி அல்ல. வீட்டில் இருப்பதை ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கும்போது, "சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் போடுங்க, டயலைத் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். ஸ்பீக்கர், காந்தம் பக்கம் வைக்காதீர்கள். ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டால் வாட்ச் தாறுமாறாக வேகம் பிடிக்கும்.

போன வருஷம் அப்பாவின் ஜனதாவை ஒரு பெரியவரிடம் சர்வீசுக்குக் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்தவர், "இங்கே பாருங்க சார்" என்று காட்டினார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள்: 74, 79, 83, 88. ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்க்காரர் போட்டு வைத்த குறிப்பு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா அதைப் பராமரித்த கணக்கு! பெயிண்ட் அடித்தவர் கை அங்கே போகவில்லை.

இன்று ஊருக்குப் போனதும் பீரோ இழுப்பறையைத் திறந்து பாருங்கள். தாத்தா வாட்ச் கிடைத்தால், யார் வாங்கினார்கள், எதற்காக வாங்கினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.